நீ எழுதிய அரக்கி

தம்பி, உன் கதையை வாசித்து முடித்துவிட்டேன். கன நாள் எடுத்தது. உன் இங்கிலீஷ் எனக்கு லேசில் எட்டாது. வேலைக்குப் போகிற பஸ்ஸிலும் மத்தியான இடைவேளையிலும் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தேன். நீயாக அதை எனக்குத் தரவில்லை. உன் பல்கலைக்கழகச் சஞ்சிகையில் வந்ததை யாரோ போட்டோகொப்பி எடுத்து, அது கோயிலில் கை மாறி, கடைசியில் உன் மாமியின் கைப்பையிலிருந்து என்னிடம் வந்து சேர்ந்தது. "மச்சாள், உங்களைப் பற்றித்தான் தம்பி எழுதியிருக்கிறான் எண்டு எல்லாரும் கதைக்கினம். வடிவாத்தான் எழுதியிருக்கிறான். ஆனா உங்களை ராட்சசி ஆக்கிப்போட்டான்" என்றாள். அவள் முகத்தில் கவலையும் இருந்தது, கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. உன் அப்பாவின் தங்கச்சியை எனக்கு இன்று நேற்றா தெரியும்? போன கிழமை அதே கதையைத் தமிழில் மாற்றி இங்குள்ள வாரப் பத்திரிகை ஒன்றும் போட்டிருக்கிறது. அதனால் இந்தப் பதிலையும் அதே பத்திரிகைக்குத்தான் கொடுக்கப்போகிறேன். கதையை ஊர் வாசித்தது, பதிலையும் ஊர் வாசிக்கட்டும்.

பங்குனியில் நீ கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனாய். ஆவணியில் உனக்கும் தர்சினிக்கும் கல்யாணம். அதற்கு முன் மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன் உருக்க வேண்டும், அந்தப் பொன்னுருக்குக்கு நீ வருவாயா மாட்டாயா என்பதுதான் இப்போது இந்த வீட்டில் பெரிய கேள்வி. நீ அப்பாவிடம் சொல்லிவிட்டதை அவர் ஒரு சொல் விடாமல் என்னிடம் சொன்னார். காணாமல்போன அண்ணாவுக்குத் தொடங்கிய கிரியை பாதியில் நிற்க நான் பொன்னுருக்க மாட்டேன், அம்மா அண்ணாவின் படத்துக்கு மாலை போட்டு, ஒரு தரம் மனம் விட்டு அழுது, எல்லாவற்றையும் முடித்து வைக்கட்டும், அதற்குப் பிறகு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாய். போனில் உன்னோடு கதைக்கப் பார்த்தேன். "ஓம் அம்மா, சரி அம்மா" என்பதற்கு மேல் உன் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. நேரில் கதைத்தால் எனக்குக் கோபம் வரும், உனக்கு அதைவிடக் கெதியாக வரும். அந்தக் குணத்தை நீ வேறு எங்கேயும் போய் எடுத்துவரவில்லை.

உன் கதையை வாசிக்கத் தொடங்கியபோது அதன் மூலம் எது என்று பார்க்க ஆசைப்பட்டேன். நூலகத்தில் சிறுவர் பகுதியில், படம் போட்ட புத்தகம் ஒன்று கிடைத்தது. பனியும் கடலுமாக இருக்கிற வடதேசத்துப் பழைய கதைகள். கடவுள்களின் செல்லப்பிள்ளை பால்டர். அவன் செத்துப்போகிறான். அவனைத் திருப்பித் தரும்படி கேட்டுக் கீழுலகத்துக்கு ஆள் அனுப்புகிறார்கள். செத்தவர்களை ஆளுகிற ராணி ஒரு நிபந்தனை போடுகிறாள். உலகத்திலுள்ள எல்லாமும் அவனுக்காக அழட்டும், விடுகிறேன். ஒன்று அழாவிட்டாலும் விடமாட்டேன் என்கிறாள். உடனே நாலு திசைக்கும் தூதர்கள் போகிறார்கள். மனிதர் அழுகிறார்கள், மிருகங்கள் அழுகின்றன, மரமும் கல்லும் இரும்பும்கூட அழுகின்றன. குளிரில் கிடந்த இரும்பைச் சூட்டுக்குள் கொண்டுவந்தால் அதன் மேல் தண்ணீர் கோக்குமே, அதுதான் இரும்பின் கண்ணீராம். எல்லாரையும் அழவைத்துவிட்டுத் திரும்பும் வழியில், ஒரு குகைக்குள் ஓர் அரக்கியைக் காண்கிறார்கள். தோக் என்று பெயர். அழு என்கிறார்கள். மாட்டேன் என்கிறாள். அவன் இருந்தும் எனக்கு ஒன்றுமில்லை, செத்தும் ஒன்றுமில்லை, கீழே இருப்பவள் தன்னிடம் உள்ளதைத் தானே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிடுகிறாள். பால்டர் திரும்பி வரவில்லை. கடைசியில் அந்தப் புத்தகம் இன்னொன்றும் சொல்கிறது. அவள் அரக்கியே இல்லையாம், வேஷம் போட்டு வந்த ஒரு பொல்லாத ஆண் கடவுளாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழாத பெண்ணைக் கண்டால் இவள் பெண்ணே இல்லை என்று சொல்ல எந்தத் தேசத்திலும் ஆள் இருக்கிறது.

நீ அதை நாங்கள் இருக்கிற ஸ்காபரோவுக்குக் கொண்டுவந்துவிட்டாய். குகைக்குப் பதிலாக மாடிக்கட்டடம். அரக்கிக்குக் கூரை தலையில் இடிப்பதால் குசினிக்குள் குனிந்து குனிந்து நடக்கிறாள். தூதர்கள் லிஃப்டில் வருகிறார்கள், சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைக்கிறார்கள், தேத்தண்ணி குடிக்கிறார்கள், பிறகு "அழுங்கோ அன்ரி" என்கிறார்கள். அந்த இடத்தில் பஸ்ஸில் இருந்தபடியே சிரித்தேன். நல்லாய் எழுதுகிறாய், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அரக்கி ஒவ்வொரு நாளும் மேசையில் ஒரு தட்டுக் கூடுதலாக வைக்கிறாள் என்று எழுதியிருக்கிறாயே, நான் எந்த நாளில் அப்படி வைத்தேன்? நாலு தட்டுக் கழுவ எனக்குப் பைத்தியமா? அவன் சாகவில்லை என்று அவள் நம்புகிறாள், அழுதால் அவன் செத்தது உண்மையாகிவிடும் என்று பயப்படுகிறாள், அந்தப் பிடிவாதம்தான் அவனையும் மற்றவர்களையும் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். கடைசி வரியில் அவளைக் கல்லாக்கிவிட்டாய். வாசித்த எல்லாருக்கும் விளங்கிவிட்டது. கடையில் என்னைக் காண்கிற பெண்கள் இப்போது என் கையைப் பிடித்து, குரலைத் தணித்துக் கதைக்கிறார்கள். நீ எழுதியது பிழை, தம்பி. எழுத முதல் ஒரு தரம் என்னிடம் கேட்டிருக்கலாம்.

பங்குனியில் நடந்ததைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று என் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கும் அது விளங்கவில்லை. தர்சினியின் தகப்பன் நல்ல மனிதர்தான். ஆனால் அவர் கேட்டது நேரே கேட்ட கேள்வி. "மூத்தவர் இருக்கேக்கை இளையவர் முந்தக் கூடாது. இல்லையெண்டால், இல்லையெண்டு செய்யவேண்டியதைச் செய்துபோட்டு வாங்கோ" என்றார். உன் அண்ணன் குகனைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய்ப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. இருக்கிறானா இல்லையா என்று ஒருவரும் எங்களுக்கு எழுத்தில் தரவில்லை. அப்பா ஐயரைக் கேட்டார். உடல் இல்லாதவர்களுக்குத் தர்ப்பைப் புல்லால் ஓர் உருவம் செய்து கிரியை செய்யலாம் என்று ஐயர் சொன்னார். அப்பார்ட்மெண்டில் நெருப்பு மூட்ட முடியாது என்று மாமி வீட்டுக் கராஜில் வைத்தார்கள். காரை வெளியே எடுத்துவிட்டு, கராஜ் கதவைப் பாதி தூக்கிவிட்டு, அலுமினியத் தட்டில் நெருப்பு. வெளியே பனி அரைவாசி கரைந்து கறுத்துக் கிடந்தது. அந்தப் புல்லுருவத்துக்கு யாரோ வெள்ளைத் துண்டு சுற்றியிருந்தார்கள். ஒரு முழம் நீளம்கூட இல்லை. பெண்கள் அழத் தொடங்கினார்கள். அப்பா அழுதார். நீ ஈர வேட்டியோடு நடுங்கிக்கொண்டு அழுதாய்.

ஐயர் என் கையில் வாய்க்கரிசி தந்தார். "போடுங்கோம்மா, பெத்த தாய் நீங்கள்தான் முதல்" என்றார். அரிசி என் கையிலேயே இருந்தது. மாமி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "மச்சாள், தாயின்ரை கண்ணீர் விழாட்டில் அந்த ஆத்மா எங்கை போறது? அழுங்கோ மச்சாள்." அப்பா மெல்லக் கிட்ட வந்து, "நீர் ஒருக்கா அழுதுவிடுமப்பா" என்று கெஞ்சினார். பிறகு நீ எல்லாருக்கும் முன்னால் சொன்னாய்: "அம்மா, ப்ளீஸ். அண்ணாவைப் போகவிடுங்கோ." நான் அவனைப் பிடித்து வைத்திருக்கவில்லை என்று சொல்லிவிட்டு அரிசியைத் தட்டில் திரும்பப் போட்டேன். அந்த ஒன்றுதான் நான் செய்தது. பின்னேரமே நீ உடுப்புகளை எடுத்துக்கொண்டு நண்பனின் பேஸ்மெண்ட் அறைக்குப் போய்விட்டாய். நான் கராஜைக் கூட்டி, சாம்பலை அள்ளி, மாமியின் பாத்திரங்களைக் கழுவிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

உனக்கு என்மேல் உள்ள கோபம் அன்றைக்குத் தொடங்கியதல்ல என்று எனக்குத் தெரியும். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலம், பார்க்டேலில் ஒரே அறையில் மூன்று பேரும் இருந்தோம். அப்பா உணவகத்தில் கோப்பை கழுவப் போய்விடுவார். ஜன்னல் உட்பக்கமாக நனைந்து ஒழுகும். நீ அந்த ஈரத்தில் விரலால் குகன் என்று எழுதினாய். நான் துவாயை எடுத்துத் துடைத்துவிட்டேன். நீ அழத் தொடங்கினாய். "இந்த வீட்டில் அழக் கூடாது" என்று சொன்னேன். அடிக்கவில்லை, ஆனால் அடித்ததைப் போலத்தான் சொன்னேன். நீ அதைப் பிடித்துக்கொண்டாய். பிறகு பள்ளிக்கூடத்தில் ஐஸில் விழுந்து கை முறிந்தபோதும் நீ அழவில்லை. கெட்டிக்காரப் பையன் என்று டொக்டர் மெச்சினார். எனக்கு வெட்கமாக இருந்தது. என் அழுகையை நான் அடக்கலாம், அது என் பாடு. உன் அழுகையை அடக்க எனக்கு என்ன உரிமை இருந்தது? அது நான் உனக்குச் செய்த பிழை. உனக்குப் பிள்ளை பிறந்தால் அது அழட்டும், மறிக்காதே.

இனிச் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். அன்று கொழும்பில் நின்ற அப்பாவிடம் போகும் பஸ்ஸில் நீ குகனின் தோளில் தலை வைத்து நித்திரை கொண்டிருந்தாய். சீருடைக்காரர் பஸ்ஸை மறித்து இளம் பெடியன்களை எல்லாம் இறங்கச் சொன்னார்கள். நீ பதினொரு வயதுப் பிள்ளை, உன்னைப் பார்க்கவில்லை. குகன் உன் தலையை மெல்லத் தூக்கி என் மடியில் வைத்தான். "எழுப்பாதேங்கோ அம்மா, வாறன்" என்று சொல்லிவிட்டு இறங்கினான். பஸ்ஸை எடுக்கச் சொல்லி உடனே அதட்டினார்கள். நீ முழிக்கும்போது நாங்கள் அடுத்த ஊருக்கு வந்துவிட்டோம். அங்கே அப்பாவுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் உன்னை விட்டுவிட்டு நான் திரும்பிப் போனேன். நான் எங்கே போனேன் என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை. அண்ணாவைத் தேடப் போனேன், கிடைக்கவில்லை என்பதோடு நானும் நிறுத்திக்கொண்டேன்.

ஒரு பள்ளிக்கூடத்தை முகாமாக்கி அதற்குள் பிள்ளைகளை வைத்திருந்தார்கள். வாசலில் தாய்மார் கூட்டமாக நின்றோம். வெயில் என்றால் அப்படி வெயில். வாசலில் நின்ற சீருடைக்காரன் ஒருவனுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். அவனுக்குப் பொழுது போகவில்லைப்போல. எங்களை வரிசையாக நிறுத்திவிட்டுச் சொன்னான்: "எல்லாம் அழ வேணும். நல்லா அழ வேணும். ஒரு ஆள் அழாட்டியும் விடமாட்டன்." நாங்கள் அழுதோம். அழுகிறது எங்களுக்குப் புதிதா? ஆனால் அந்த அழுகை வேறு. பிள்ளையை நினைத்து வந்த அழுகை இல்லை அது. அவன் பார்க்கிறானா என்று பார்த்துப் பார்த்து அழுதோம், பக்கத்தில் நிற்பவளைவிடக் கூடச் சத்தம் வரவேண்டும் என்று அழுதோம். அவன் வரிசையில் நடந்துவந்து, நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி, கண் நனைந்திருக்கிறதா என்று பார்த்தான். அந்தப் படப் புத்தகத்து ராணி போட்ட நிபந்தனையை நூலகத்தில் வாசித்தபோது திரும்பத் திரும்ப அந்த வரிக்கே போனேன். அதை நான் முன்னமே கேட்டிருக்கிறேன், தம்பி.

வரிசையின் கடைசியில் ஒரு மனிசி அழவில்லை. நல்ல உயரம். எந்த ஊர் என்று தெரியாது, பெயரும் நான் கேட்கவில்லை. அவளுக்கும் உள்ளே ஒரு பிள்ளை. சீருடைக்காரன் அவளைக் காட்டி, இவள் அழவில்லை, ஒருவரும் வரமாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போய் நிழலில் உட்கார்ந்துவிட்டான். நாங்கள் எல்லாரும் அவளிடம் போனோம். நான்தான் முதலில் போனேன். "அக்கா, கும்பிட்டுக் கேக்கிறன், ஒருக்கா அழுங்கோ" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். "தங்கச்சி, உவன் விடமாட்டான். உவன் எங்களை வைச்சு விளையாடுறான்" என்றாள். கெஞ்சினோம். பிறகு ஏசினோம். உன்னால்தான் எங்கள் பிள்ளைகள் சாகப்போகிறார்கள் என்று நான் சொன்னேன். யாரோ அவளுடைய தலைமயிரைப் பிடித்தார்கள். எல்லாரும் அடித்தோம். நானும் அடித்தேன். கடைசியில் அவள் கண்ணிலும் தண்ணீர் வந்தது. சீருடைக்காரன் எழும்பி வந்து பார்த்தான், சிரித்தான், "சரி, நாளைக்கு வாங்கோ" என்றான்.

நாங்கள் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டு போனோம். விடிந்ததும் வந்தபோது வாசல் திறந்து கிடந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. ஒரு வகுப்பறைக்குள் சுவரோரமாகக் குகனின் மூக்குக்கண்ணாடி கிடந்தது. அது இல்லாமல் அவன் கிணற்றடிக்குக்கூடப் போகமாட்டான். அந்தச் சுவரில் என்ன இருந்தது என்று உனக்கு எழுதமாட்டேன். கண்ணாடியைக் கொண்டுவரவும் எனக்குப் பயம், வழியெல்லாம் சோதனை, உன்னைக் காப்பாற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும். முதல் நாள் நாங்கள் அடித்த அந்த மனிசி வந்து, உடைந்த கதிரைக் காலால் பள்ளிக்கூட வளவில் கிடங்கு கிண்டித் தந்தாள். நான் கண்ணாடியை அதற்குள் வைத்து மண்ணால் மூடினேன். அவளுடைய முகம் வீங்கியிருந்தது. அவளுக்கு அந்தக் கட்டடத்தில் ஒரு துணித்துண்டுகூடக் கிடைக்கவில்லை.

இப்போது சொல், உன் கதையில் நான் யார்? நான் அரக்கி இல்லை. நான் தூதர்களில் ஒருத்தி. உலகத்தையே அழவைத்துவிட்டு, மிச்சமிருந்த ஒருத்தியையும் அழவைக்கப் போனவள். அரக்கி வேறு ஒருத்தி, அவள் சொன்னதுதான் சரியாக இருந்தது. பழைய கதையில் ஒருத்தி அழாதபடியால் பிள்ளை திரும்பவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் வாசலில் எல்லாரும் அழுதார்கள், ஒரு கண்கூடக் காய்ந்திருக்கவில்லை, ஒரு பிள்ளைகூடத் திரும்பவில்லை. வைத்திருக்கிறவன் விடுவதென்றால் சும்மாவே விடுவான். விடாதவன்தான் அழச் சொல்லுவான். குகன் இல்லை என்பது அன்று காலையிலிருந்தே எனக்குத் தெரியும். உங்கள் எல்லாருக்கும் முதல் எனக்குத்தான் தெரியும். நான் ஒரு நாளும் அவன் வருவான் என்று காத்திருக்கவில்லை. ஆனால் யாராவது "அழு, அழுதால்தான் அவன் போவான், அழுதால்தான் இது நடக்கும்" என்று சொன்னால் என் கண் அடைத்துவிடுகிறது. அந்த மனிசியை நாங்கள் நிற்கவிடாத இடத்தில் நான் நிற்கிறேன் என்று வைத்துக்கொள். வேறு என்னால் அவளுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

இதை அச்சுக்குக் கொடுக்க முதல் அப்பாவிடம் சொன்னேன். நேற்று வேலையால் வந்து சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னேன். அவர் சாப்பிட்ட கையைக் கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏனப்பா இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டார். "நீங்கள் அழுதுகொண்டிருந்தியள். அதுவாவது உங்களுக்கு மிஞ்சட்டும் எண்டு விட்டன்" என்றேன். உண்மை அதுதான். அவர் அந்த வாசலில் நிற்கவில்லை, அவருடைய அழுகையை ஒருவரும் வந்து நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்திப் பார்க்கவில்லை, அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் எழும்பிக் கையைக் கழுவினார். பிறகு, "கராஜில நானும் உம்மை அழச் சொன்னனான்" என்றார். ஓம் என்றேன்.

கல்யாணம் செய்யப்போகிறாய், புத்தி சொல்லாமல் விட்டால் நான் உன் அம்மா இல்லை. தர்சினி கலகலப்பான பிள்ளை, எதற்கும் வாய் திறந்து சொல்லிவிடுவாள் என்று நினைக்கிறாய். ஒரு நாள் அவளும் வாயை மூடிக்கொள்வாள். எல்லாரும் அழுகிற இடத்தில் அழமாட்டாள், எல்லாரும் சிரிக்கிற இடத்தில் சிரிக்கமாட்டாள். அப்போது வாசலில் நின்று என்ன காரணம் என்று நீயே முடிவு கட்டாதே. உள்ளே போய்ப் பக்கத்தில் இரு, கேள். அவள் சொல்லாவிட்டால் பிறகும் இரு. உன் கதையில் எத்தனை தூதர்கள் வந்தார்கள். ஒருவன்கூட அந்த அரக்கியிடம் ஏன் என்று கேட்கவில்லையே. அதை எழுதும்போது உனக்கே அது தட்டுப்படவில்லையா? அழுகையை அன்புக்கு அத்தாட்சியாக யாரிடமும் கேட்காதே, பெண்சாதியிடம் ஒரு நாளும் கேட்காதே. அப்படிக் கேட்டு வாங்குகிற கண்ணீரால் ஒரு பிரயோசனமும் இல்லை.

பொன்னுருக்குக்கு வா. உனக்கு வேண்டியதில் என்னால் முடிந்ததெல்லாம் செய்கிறேன். குகனின் படத்துக்கு நானே மாலை போடுகிறேன், விளக்கும் ஏற்றுகிறேன். பாதியில் நிற்கிற அந்தக் கிரியையை ஐயர் முடிக்க வேண்டும் என்றால் முடிக்கட்டும், வாய்க்கரிசியும் போடுகிறேன். அந்தப் புல்லுருவத்துக்குப் பெரிய மனசு பண்ணிப் போடுகிறேன், உன் அண்ணனை எங்கே வைத்தேன் என்று எனக்குத் தெரியும். சம்பந்தியும் மாமியும் கோயிலில் என் கையைப் பிடிக்கிறவர்களும் வாசிக்கும்படி இங்கேயே எழுதிவிடுகிறேன்: என் மூத்த மகன் குகன் இறந்துவிட்டான். இனி யாரும் அதை என் வாயிலிருந்து எடுக்கப் பாடுபட வேண்டியதில்லை. அழு என்று மட்டும் ஒருவரும் கேட்கக் கூடாது. நீயும் கேட்கக் கூடாது.

எனக்கு ஒரு பயம் இருக்கிறது, தம்பி. நீ தலைப்பாகையோடு வந்து மணவறையில் உட்காரும்போது என்னால் தாங்க முடியாமல் போகலாம். பிள்ளையின் கல்யாணத்தில் தாய் அழுவது உலக வழக்கம்தான். ஆனால் என் கண்ணில் ஒரு துளி வந்தால் போதும், பார்த்தீர்களா, கடைசியில் மூத்தவனுக்காக அழுதுவிட்டாள் என்று மண்டபம் முழுக்கக் கதைக்கும். எனக்கு அது முகாம் வாசலில் நின்ற அந்தச் சீருடைக்காரன் எழும்பி வந்து என் முகத்தை நிமிர்த்திப் பார்த்ததைப் போல இருக்கும். அதனால்தான் உன் கல்யாண நாளை நினைத்து நினைத்துக் கண்ணைக் காயவைத்துப் பழகுகிறேன். அதை நிறுத்த உன்னால்தான் முடியும். யாராவது அப்படிச் சொன்னால், நீ இருந்த இடத்திலிருந்தே திரும்பி, இல்லை, அம்மா எனக்காகத்தான் அழுகிறா என்று சொல்ல வேண்டும். நீ சொல்லுவாய் என்று எனக்குத் தெரிந்தால், ராசா, அன்றைக்கு நான் அழுவேன்.